மின்சாரம் வந்த பின்னும் புகைபோக்கி நின்றது ஏன்?

பரேல், லால்பாக் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் பழைய பஞ்சாலைகளின் உயரமான புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். மும்பை ஆலைகளுக்கு 1915-லேயே நீர்மின்சாரம் வந்துவிட்டது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அவை புகைந்துகொண்டிருந்தது ஏன்? நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கினால், தொழிற்சாலைகள் எரிசக்தியைப் பயன்படுத்தும் விதமே புரிந்துவிடும்.

தொழிற்சாலைக்கு எரிசக்தி மூன்று வேலைகளுக்குத் தேவை. ஒன்று, இயந்திரத்தைச் சுழற்ற. இரண்டு, பொருளைச் சூடாக்க. மூன்று, மூலப்பொருளாக.

1. சுழற்றுதல்

ஆரம்ப கால ஆலைகளில் ஒரு பெரிய நீராவி எஞ்சின் நீண்ட ஷாஃப்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் தறிகளை ஓட்டும். அதற்கான நிலக்கரி கப்பலில் வர வேண்டும். அல்லது வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மைல் ரயிலில் வர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று எண்ணியவர் ஜாம்ஷெட்ஜி டாடா. அவர் 1904-ல் காலமானார். கம்பெனி 1910-ல் அமைந்தது. கோபோலி மின் நிலையம் 1915-ல் இயங்கத் தொடங்கியது.

லோனாவ்ளா பக்கத்து ஏரிகளின் நீர் அங்கே 500 மீட்டருக்கு மேல் குழாயில் இறங்குகிறது. ஒரு டன் தண்ணீர் அவ்வளவு உயரம் இறங்கினால் சுமார் ஒன்றேகால் யூனிட் மின்சாரம் கிடைக்கும். அனல் மின் நிலையத்தில் அதே அளவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நிலக்கரி எரிக்க வேண்டும். நம் கோவையிலும் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகே பஞ்சாலைகள் பெருகின.

ஆனால் இந்த மின்சாரம் இலவசமாக வரவில்லை. முல்ஷி அணையால் நிலம் இழந்த விவசாயிகள் 1921-ல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்கள்.

2. சூடாக்குதல்

பாவு நூலுக்குக் கஞ்சி போடவும், சாயம் தோய்க்கவும், துணி உலர்த்தவும் நீராவி வேண்டும். அதற்குக் கொதிகலன் வேண்டும். புகைபோக்கி நின்றதன் காரணம் இதுதான்.

அதையும் மின்சாரத்தால் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். நீர்மின்சாரம் அளவோடு கிடைப்பது. அதை மோட்டாருக்கு வைத்துக்கொள்வதே லாபம். அனல் மின்சாரமோ, நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதை மறுபடி வெப்பமாக்குவது, அரிசியை விற்றுச் சோறு வாங்குவது போல. கரியைக் கொதிகலனிலேயே எரித்தால் பெரும்பகுதி வெப்பம் பயன்படும். ரயில்வே பணிமனைகளிலும் இதே முறைதான்: லேத் மின்சாரத்தில் ஓடும், கொல்லுலையில் கரியோ எண்ணெயோ எரியும்.

3. மூலப்பொருள்

செம்பூர் ஆர்.சி.எஃப். உர ஆலைக்கு இயற்கை எரிவாயு வெறும் எரிபொருள் அல்ல. அதிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா செய்கிறார்கள். அதிலிருந்து யூரியா வருகிறது. இங்கே எரிவாயுவை நிறுத்தினால் உலை மட்டும் அணையாது, சரக்கே இருக்காது.

இன்று நம் முன் உள்ள கேள்வி

2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்தில் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. தாராவி கும்பார்வாடாவில் பஞ்சுக் கழிவையும் துணிக் கழிவையும் எரித்து மண்பாண்டம் சுடுகிறார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் சூளைக்காரரும் அவர் குழந்தைகளும்தான். ஆகவே மாற்றம் அவசியம். ஆனால் மாற வேண்டியது வெப்பம். மோட்டாரை மாற்றுவது போல அது எளிதல்ல. புது அடுப்புக்கு முதல் வேண்டும், எரிவாயுக் குழாய் சந்துக்குள் வர வேண்டும். சிறு தொழிலாளிக்குக் கெடு மட்டும் கொடுத்தால் போதாது, கடனும் கொடுக்க வேண்டும்.

சிறு தொழில் நடத்தும் அன்பர்கள் உடனே செய்யக்கூடியதும் உண்டு. அடுப்புச் சுவரின் வெடிப்புகளை அடையுங்கள். நீராவிக் குழாய்களுக்கு வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். எந்த எரிபொருளானாலும் செலவு குறையும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. இட்லிக் கடையில் கிரைண்டர், இட்லிக் கொப்பரை ஆகியவை மேற்கண்ட மூன்றில் எந்தெந்த வகை?

2. ஒரு பட்டறை நாளொன்றுக்கு 50 யூனிட் செலவழிக்கிறது. அதற்குக் கோபோலியில் எத்தனை டன் தண்ணீர் இறங்க வேண்டும்?