தினம் ஒரு படம் எடுக்க…

போனைக் கையில் எடுத்ததும் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாக வருவதற்குப் பல நேரம் காரணம் கேமரா இல்லை, விரல் பிசுக்கு.

உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். முடியாதவர்கள் ஆளை ஜன்னலோரம் நிறுத்துங்கள். கோலமோ வெள்ளை வேட்டியோ வெளிறித் தெரிந்தால், திரையில் அந்த இடத்தைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்திலேயே சூரியக் குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுத்தால் கோலப்பொடியின் இழைகூடத் தெரியும்.

ஜூம் வேண்டாம், இரண்டடி முன்னால் போங்கள்.

எதை எடுப்பது என்று திணறினால் வாரத்துக்கு ஒரு பொருள்: கதவு, கை, சைக்கிள். தினமும் அற்புதம் அமையாது. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 முதல் 1997-ல் இறக்கும்வரை நாளுக்கொரு போலராய்டு எடுத்தார். நண்பர்கள், சாப்பாடு என்று சாதாரணப் படங்களே அதில் ஏராளம்.

ராத்திரி, அன்று எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள் (இதுதான் கஷ்டம்). வருடத்தை முதலில் போட்டு, 2025-03-14 என்று தேதியையே பெயராக வைத்தால் வரிசை தானாக அமையும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல்.