மடிக்கணினியைத் திறக்கும் முன்

கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, முப்பது வருடமாக இதிலேயே இருப்பவன் சொல்வது.

1. முதல் நாள் மடிக்கணினியைப் பையிலேயே வையுங்கள். கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். எதைச் சிட்டையில் எழுதுகிறார், எந்தத் துண்டுச்சீட்டைக் கம்பியில் குத்துகிறார், எதை எழுதாமல் மனசிலேயே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அந்த மூன்றாவதில்தான் நாம் சறுக்குவோம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் சேலத்தில் ஓர் இரும்புக் கடை. முறுக்குக் கம்பி ஆலையிலிருந்து டன் கணக்கில் வருகிறதே என்று சரக்கின் அளவைக் கிலோ என்று வைத்துவிட்டேன். வீடு கட்டுகிறவரோ ‘எட்டு எம்எம்மில் இருபது கம்பி’ என்றுதான் கேட்பார். பில் போடும் பையன் 20 என்று அடித்தான், விலையைக் கம்பிக்கு இவ்வளவு என்று போட்டான். தொகை சரியாக வந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. மென்பொருள் கழித்தது 20 கிலோ. வண்டியில் ஏறிப்போனது 95 கிலோ. மாதக் கடைசியில் ஏட்டில் இருந்த சரக்கு கிடங்கில் இல்லை. பழி கிடங்குக்காரர் மேல் விழுந்தது. மூன்று நாள் அவர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தேன். கடைசியில் கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை. 12 மீட்டர் நீளமுள்ள எட்டு எம்எம் கம்பி 4.74 கிலோ. அவருக்கு அது மனப்பாடம். நான் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2. தொடக்க இருப்பு ஒத்துவராமல் புதுக் கணக்கைத் தொடங்காதீர்கள். யார் யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பழைய பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

3. ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். வாங்கியவரின் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு சேராமல் போகும். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருக்கடி நாட்கள். அதை ஒட்டி மென்பொருளைப் புதுப்பிக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

4. ‘அந்த பில்லை மட்டும் அழிச்சுடுங்க தம்பி’ என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். செய்யாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. கம்பெனியாகப் பதியாத சின்னக் கடைக்கு இந்த விதி பொருந்தாது. ஆனாலும் செய்யாதீர்கள்; அந்தக் கணக்கை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது.

5. டேலியா, ஜோஹோவா என்று சண்டை போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். டேலி 1986-ல் பெங்களூருவில் பிறந்த கதை மட்டும் நினைவிருக்கட்டும். ஆலைகளுக்கு உதிரிபாகம் விற்றுவந்த தந்தை ஷியாம் சுந்தர் கோயங்காவின் கணக்குச் சிக்கலைத் தீர்க்க, மகன் பரத் எழுதிய நிரல் அது. கடைக்குள்ளிருந்து வந்ததால்தான் அது கடைக்காரருக்குப் புரிந்தது.

6. அதே கணினியின் இன்னொரு மூலையில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது. வெளியே ஒரு பிரதி இருக்கட்டும். அதை வேறு கணினியில் ஏற்றி முதலாளியின் கண்முன் ஒருமுறை திறந்து காட்டுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காத்துவைக்க வேண்டும். அதற்குள் நீங்கள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அதனால் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளி கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.