உபயம்: ஒரு சொல், இரு பங்கு

கோயிலுக்குள் நுழைந்ததும் நம் கண்ணில் அதிகம் படும் சொல் எது? சுவாமியின் திருநாமமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். சற்றே நின்று சுற்றிலும் பாருங்கள். டியூப் லைட்டில் 'உபயம்'. மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்'. பிராகாரத்து பெஞ்சில், குடிநீர்த் தொட்டியில், படிக்கட்டில், வெண்கல மணியில்... எங்கும் 'உபயம்'தான்!

இத்தனை முறை படித்திருந்தும், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசித்திருக்கிறோமா? 'நன்கொடை' என்று சட்டென்று பதில் வந்துவிடும். தவறில்லை. ஆனால், அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால், உபயம் செய்கிற முறையே நமக்கு மாறிவிடும்.

இரண்டு அல்ல... இரண்டும்!

'உபய' என்ற வடசொல்லுக்கு 'இரண்டும்' என்று பொருள். 'இரண்டு' என்பதற்கும் 'இரண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கூடையிலிருந்து ஏதோ இரண்டு மாம்பழங்களை எடுத்தால், அவை வெறும் இரண்டு மாம்பழங்கள். ஆனால் நம் கண்கள், ஆற்றின் கரைகள், மாட்டு வண்டியின் சக்கரங்கள் ஆகியவை அப்படி அல்ல. ஒன்றைச் சொன்னாலே மற்றொன்று நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட இடங்களில்தான் 'உபய' என்ற சொல் பொருத்தமாக வந்து உட்காரும்.

இதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. 'உப' என்ற சொல்லோடு ஒரு விகுதி சேர்ந்து 'உபய' ஆகிறது என்கிறது பாணினியின் இலக்கணம். எண்ணுப்பெயரோடு சேர்ந்து, 'இத்தனை உறுப்புகளை உடையது' என்ற பொருளைத் தரும் விகுதி அது. ஆக, உபயம் என்றால் 'இரண்டு உறுப்புகளை உடைய ஒன்று'. இரண்டைக் குறிக்கும் 'த்வயம்', மூன்றைக் குறிக்கும் 'த்ரயம்' ஆகிய சொற்களும் இதே வழியில் பிறந்தவைதான்.

இன்னொரு சுவையான செய்தி. வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று உண்டு. 'உப' என்ற சொல் எப்போதும் இருமையில்தான் வரும். அதிலிருந்து பிறந்த 'உபய' என்ற சொல்லுக்கோ இருமை வடிவமே கிடையாது என்கிறார் கையடர் என்னும் பெரிய உரையாசிரியர். இரண்டைக் குறிக்கும் சொல்லுக்கு இருமை இல்லை! ஏன்? இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்ட பிறகு, அதைத் தனித்தனியாக எண்ணுவானேன்?

திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரரை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மையும் அப்பனுமாகிய இரண்டு பாகங்கள். ஆனால் ஒரே திருமேனி. அங்கே இரண்டு மூர்த்திகள் இருப்பதாக யாராவது சொல்வோமா? 'உபயம்' என்ற சொல்லின் கருத்தும் அதுவே.

ஆன்மிகத்தில் உபயம்

நம் கோயில் வழக்கில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது.

உபய நாச்சியார்: பெருமாள் உற்சவருக்கு இருபுறமும் எழுந்தருளும் ஸ்ரீதேவி, பூதேவி தாயார்களை இப்படித்தான் அழைப்போம். திருமலையில் மலையப்ப சுவாமி உபய நாச்சியார்களோடு பவனி வருவதைப் பலரும் தரிசித்திருப்பீர்கள்.

உபய காவேரி: முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு நீரோட்டங்களுக்கும் நடுவே தீவாக அமைந்திருக்கிறது திருவரங்கம். அதனால்தான் அரங்கனை உபய காவேரிக்கு நடுவே பள்ளிகொண்டவன் என்று போற்றுகிறார்கள். நதி ஒன்று, கைகள் இரண்டு.

உபய வேதாந்தம்: வடமொழி வேதாந்தத்தையும் ஆழ்வார்களின் தமிழ் மறையையும் இரு கண்களாகக் கொள்வது வைணவ மரபு. இரண்டிலும் தேர்ந்தவர்களை 'உபய வேதாந்தி' என்று சிறப்பிப்பார்கள். ஒன்றில் மட்டும் எவ்வளவு பெரிய புலமை இருந்தாலும் இந்தப் பெயர் கிடைக்காது.

உபய லிங்கம்: இங்கே லிங்கம் என்றால் 'அடையாளம்'. எந்தக் குறையும் தீண்டாதவன் என்பது இறைவனுக்கு ஓர் அடையாளம். எல்லா நற்குணங்களும் நிறைந்தவன் என்பது மற்றோர் அடையாளம். இந்த இரண்டு அடையாளங்களையும் சேர்த்துத்தான் பரம்பொருளை அறிய வேண்டும் என்று விளக்குகிறார் ஸ்ரீராமாநுஜர்.

த்வயம்: வைணவர்கள் போற்றும் மூன்று ரகசியங்களுள் இது ஒன்று. இரண்டு வாக்கியங்களைக் கொண்டது. முதல் வாக்கியம் சரணாகதியைச் சொல்கிறது; இரண்டாவது வாக்கியம் அந்தச் சரணாகதியின் பயனாகிய கைங்கர்யத்தைச் சொல்கிறது. 'உன்னைப் பற்றினேன்' என்பதோடு நின்றுவிடாமல், 'உனக்குத் தொண்டு செய்வேன்' என்பதும் சேர்ந்தால்தான் மந்திரம் நிறைவு பெறும்.

ஜாதகத்திலும், கடிதத்திலும்...

ஜோதிடத்தில் பன்னிரண்டு ராசிகளையும் சரம், ஸ்திரம், உபயம் என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். மிதுனம், கன்னி, தனுசு, மீனம் ஆகிய நான்கும் உபய ராசிகள். சரத்தின் அசையும் தன்மை, ஸ்திரத்தின் அசையாத் தன்மை இரண்டும் இவற்றுக்கு உண்டு என்பதால் இந்தப் பெயர். மிதுனத்துக்கு இரட்டையர், மீனத்துக்கு இரு மீன்கள், தனுசுக்குப் பாதி மனிதன் - பாதி குதிரை என்று உருவங்களிலும் இருமை தெரிவதைப் பாருங்கள்.

அந்தக் காலக் கடிதங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 'உபய குசலோபரி' என்று ஆரம்பிக்கும். 'குசலம்' என்றால் நலம். இரு பக்கத்து நலத்தையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற விஷயத்துக்கு வருவார்கள். 'நான் சௌக்கியம்' என்று மட்டும் எழுதினால் அது கடிதமாகாது. 'நீ சௌக்கியமா?' என்று கேட்டால்தான் கடிதம்!

ஒரு சின்ன எச்சரிக்கை. 'உபாயம்' என்பது வேறு சொல். அதற்கு வழி என்று பொருள். 'உபயோகம்' என்பதும் வேறு. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ப' என்பதால் இவை உறவுக்காரச் சொற்கள்போலத் தோன்றும். உண்மையில் உபயத்துக்கும் இவற்றுக்கும் உறவு கிடையாது.

கோயில் உபயத்தில் 'இரண்டு' எங்கே?

இனி, கோயிலுக்கு வருவோம். இறைவனுக்கான பூஜை, திருவிழா, திருப்பணி ஆகியவற்றின் செலவை ஒருவர் ஏற்றுக்கொள்வதை உபயம் என்கிறோம். தமிழகத்தில் அவரை 'உபயதாரர்' என்பார்கள். இலங்கைத் தமிழர்களின் கோயில்களில் 'உபயகாரர்' என்பது வழக்கம். அங்கே மகோற்சவத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயமாகவோ, ஓர் ஊராரின் உபயமாகவோ நடப்பதுண்டு. சிங்கப்பூர், மலேசியக் கோயில்களிலும் இந்தச் சொல் அப்படியே புழங்குகிறது.

சரி, இதில் இரண்டு பங்கு எங்கே இருக்கிறது? கொடுப்பவர் பங்கு ஒன்று. பெற்றுக்கொண்டு நடத்துபவர் பங்கு மற்றொன்று. இரண்டும் நிறைவேறினால்தான் உபயம். பணம் கட்டியதோடு பாதி முடிகிறது; விளக்கு எரியும்போதுதான் மீதிப் பாதி முடிகிறது. வழக்கத்தைப் பார்த்து நாம் கொள்ளும் கருத்து இது. இதை நம் முன்னோர்கள் எப்படிச் செயலில் காட்டினார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். அங்கே நந்தா விளக்கு எரிவதற்கு ராஜராஜ சோழன் காலத்தில் செய்த ஏற்பாடு கல்வெட்டில் உள்ளது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்றால் நாழியில் நான்கில் ஒரு பங்கு. இப்படி விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று அக்காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? அடையும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்துவர வேண்டும் என்பது கணக்கு.

அந்தக் கல்வெட்டுகளில் கொடையை மட்டும் பொறித்துவிட்டு நிறுத்தவில்லை. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களும் அங்கே இருக்கின்றன! கொடுத்த கைக்கு இருந்த மரியாதை, காத்த கைக்கும் இருந்தது.

பல கோயில் கல்வெட்டுகளின் முடிவில் இன்னொரு செய்தியும் வரும். இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் தம் தலைமேல் இருக்கட்டும் என்று கொடுத்தவரே சொல்வதாக அது அமையும். மன்னரோ, வணிகரோ, படைத் தலைவரோ... 'நான் கொடுத்தேன்' என்று தலைநிமிர வேண்டிய இடத்தில், முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குத் தலைவணங்குகிறார். தாம் செய்தது பாதிதான், மீதி அந்த யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்!

நாம் செய்ய வேண்டியது என்ன?

'அப்படியானால் டியூப் லைட்டில் பெயர் எழுதுவது தவறா?' என்று சிலர் கேட்கலாம். பெயர் எழுதுவது தவறில்லை. கல்வெட்டிலும் பெயர் இருக்கத்தானே செய்கிறது? வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு எழுதுவதும், பெயர் எழுதிய மறுநாளே அதை மறந்துவிடுவதும்தான் தவறு.

உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள் சில விஷயங்களை மனதில் கொள்ளலாம்.

முதலாவது, கேட்டுச் செய்யுங்கள். பத்துக் குத்துவிளக்குகள் இருக்கும் சந்நிதிக்குப் பதினொன்றாவது விளக்கு எதற்கு? எண்ணெய்க்குத்தான் தட்டுப்பாடாக இருக்கும். அர்ச்சகரிடமோ அலுவலகத்திலோ விசாரித்து, தேவையானதைக் கொடுங்கள். ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பழைய உபயங்களைக் கணக்குப் பாருங்கள். பாட்டனார் காலத்தில் ஆண்டுக்கு ஒருநாள் அபிஷேகத்துக்கென்று ஆயிரம் ரூபாய் வைப்புத்தொகை போட்டிருப்பார். 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்குக் கிடைப்பது 60 ரூபாய். அன்று அது அபிஷேகத்துக்கே போதுமானதாக இருந்திருக்கும். இன்று அதில் பாலாவது வாங்க முடியுமா? மந்தையில் குட்டிகளைச் சேர்த்துக் காத்ததுபோல, பேரப்பிள்ளைகள் அந்தத் தொகையோடு அவ்வப்போது சேர்த்துவந்தால்தான் தாத்தாவின் பெயரில் விளக்கு எரியும்.

மூன்றாவது, முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள். குடும்பம் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறது. வருடாவருடம் நடந்த உபயம் சத்தமில்லாமல் நின்றுபோகிறது. அன்றைக்கு யாரோ கடைசி நேரத்தில் ஓடியாடிப் பூ வாங்குகிறார்கள். முன்கூட்டியே தெரிவித்தால், ஏற்றுக்கொள்ள வேறொருவர் கிடைப்பார். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாளை ஏற்பதிலும் குறைவொன்றும் இல்லை.

நான்காவது, கோயில் தரப்பின் பங்கு. எந்த நோக்கத்துக்காகப் பெற்றார்களோ அதற்கே செலவிட வேண்டும். விளக்குக்குக் கொடுத்தது விளக்குக்கே. அன்னதானத்துக்குக் கொடுத்தது அன்னதானத்துக்கே. உபய நாளை உபயதாரருக்கு முன்கூட்டி நினைவூட்டுவதும், கணக்கைக் கேட்டால் காட்டுவதும் அந்தப் பங்கில் அடங்கும்.

'என்னிடம் பணம் இல்லையே' என்று யாரும் ஏங்க வேண்டாம். பிராகாரத்தைப் பெருக்குவது, கோலம் போடுவது, பூத்தொடுப்பது, பாத்திரம் துலக்குவது... இவையெல்லாம் உபயத்தின் மறுபாதி. சந்தனக் காப்புக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர். உட்கார்ந்து சந்தனம் அரைத்தவர் ஒருவர். சுவாமியின் திருமேனியில் அது மணக்கும்போது, எது யாருடைய பங்கு என்று பிரிக்க முடியுமா?

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயில் திருவிழாப் பத்திரிகை வந்ததும், உங்கள் குடும்பப் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய், பூஜை எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள். நாளைக்கு அதைக் காக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே!