விளையாட்டும் ஒரு மொழியே

கோடை விடுமுறையில் மேலூர்ப் பக்கம் உள்ள அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தேன். சித்தியின் மகன் திண்ணையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வயது. சித்திரைப் பொருட்காட்சியில் அவன் அப்பா வாங்கித் தந்த பிளாஸ்டிக் லாரி ஒன்று, தீப்பெட்டி ஒன்று, குச்சிகள் இரண்டு. தீப்பெட்டியின்மேல் குச்சிகளை வைப்பான். லாரி வந்து மோதும். குச்சிகள் விழும். எடுத்து மறுபடியும் வைப்பான். சித்தப்பா இறந்து அப்போது ஆறு மாதம். நான்கு வழிச்சாலையில் அவருடைய பைக்கில் லாரி மோதியபோது பின்னால் இவனும் உட்கார்ந்திருந்தான், சிராய்ப்புகளோடு பிழைத்தான்.

"அதையே விளையாடாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மாச்சி அழுதார். நான் லாரியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். அவன் அழவில்லை. அன்று முழுவதும் யாரிடமும் பேசவும் இல்லை. நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். பிறகு படித்தபோதுதான் வேறு விதமாகத் தெரிந்தது.

பெரியவர்களுக்குத் துன்பம் வந்தால் வாயால் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள். துக்க வீட்டில் வருவோர் போவோரிடமெல்லாம் நடந்ததை ஒன்று விடாமல் சொல்வதை நாம் கேட்டதில்லையா? சிறு குழந்தைக்கு அவ்வளவு சொற்கள் கிடையாது. அது கையால் சொல்கிறது, பொம்மையால் சொல்கிறது. இதை அடிப்படையாகக் கொண்டதே 'விளையாட்டுச் சிகிச்சை'. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற பெண் மருத்துவர் 1928-இல் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். மணல் நிரப்பிய தட்டும் சிறு பொம்மைகளும் கொடுத்து, அவர்களுடைய உலகத்தை அவர்களே அமைக்கும்படி விட்டார். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் இச்சிகிச்சையைப் பற்றி நூல் எழுதினார். எதை விளையாடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும், பெரியவர் அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் வகுத்த முறை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தக் கூடாது என்பது போன்ற சில எல்லைகள் மட்டும் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் ஒரு நான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். விமானக் குண்டுவீச்சில் தந்தையை இழந்தவன். காகித வீடுகள் கட்டுவான்; குண்டு போட்டு வீழ்த்துவான்; திரும்பவும் கட்டுவான். அவன் விளையாட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லாரும் தப்பிவிடுவார்கள். பல மாதங்களுக்குப் பின், தன் அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்பதை அவனே வாயால் சொன்னான். அந்த விளையாட்டும் நின்றுபோனது. இதைப் படித்தபோது எனக்குப் பரண்மேல் கிடந்த லாரிதான் நினைவுக்கு வந்தது. விபத்து நடந்தபோது என் தம்பியால் எதையும் தடுக்க முடியவில்லை. திண்ணையிலோ லாரியை ஓட்டுவது அவன் கை; நிறுத்தவும் அவனால் முடியும். அந்த உரிமையைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன்.

வெளிநாட்டில்தான் இதெல்லாம் என்று எண்ண வேண்டாம். நம் தமிழ் பேசும் மட்டக்களப்பில் 1996-ஆம் ஆண்டு 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவியும் உளவியல் அறிந்தவருமான அருட்தந்தை பால் சற்குணநாயகமும், கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் இதைத் தொடங்கியவர்கள். 1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கைப் போரில் அந்தப் பகுதிப் பிள்ளைகள் பட்டது கொஞ்சமல்ல. 1990-இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் அஞ்சி வாழ்ந்தார்கள். பூங்காவுக்கோ இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள், வாரம் ஒரு நாள் என்று பல மாதங்கள். களிமண் பிசைந்தார்கள், முகமூடி செய்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் ஆடினார்கள். உடன் இருந்து விளையாடியவர்கள் உள்ளூர் இளைஞர்களே. அவர்களும் அதே போரில் வளர்ந்தவர்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று யாரும் குடைந்து கேட்பதில்லை. பிள்ளை சொல்ல விரும்பினால் அது களிமண்ணிலோ கதையிலோ தானாக வரும். எனக்கு இந்தப் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது. நாங்கள் தம்பியிடம் ஒரு வாரம்கூடக் காத்திருக்கவில்லை.

நம் கடற்கரையிலும் 26-12-2004 அன்று வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. அதன்பின் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் குழந்தைகளின் மனத்துயரை ஆற்றும் பயிற்சி கொடுத்தார்கள். அதிலும் விளையாட்டுக்கும் ஓவியத்துக்கும் இடம் இருந்தது.

அப்படியானால் விளையாட விட்டால் மட்டும் போதுமா? போதாது என்கிறார் லெனோர் டெர் என்ற மருத்துவர். 1976-இல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு மண்ணுக்கடியில் அடைக்கப்பட்டார்கள். எல்லாரும் உயிர் தப்பினார்கள். அவர்களை ஆராய்ந்த இவர், சில பிள்ளைகள் நடந்ததையே சிரிப்பில்லாமல், மாற்றமில்லாமல் திரும்பத் திரும்ப விளையாடியதையும், அதனால் பயம் குறையாததையும் கண்டார். அத்தகைய குழந்தையின் அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார வேண்டும். முடிவை அவர் மாற்றிக் காட்டுவதில்லை. "லாரி ரொம்ப வேகமா வருது, பயமா இருக்கு" என்று அவன் செய்வதை அவனுக்கே சொல்லிக் கொடுக்கிறார். ஒருநாள் குழந்தையே கதையில் ஒரு சிறு மாற்றம் செய்யும். விலை கூடிய சாமான்கள் வேண்டியதில்லை. சொப்பு, மரப்பாச்சி, கொஞ்சம் மணல், கூட இருக்க ஒரு ஆள். உதவி தேடுவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். சித்தியும் இப்போது தம்பியை மதுரை இராசாசி அரசு மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார்.

காலாண்டு விடுமுறையில் பரணில் ஏறி லாரியை எடுத்துத் துடைத்து அவன் பக்கத்தில் வைத்தேன். அம்மாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. வெகு நேரம் அவன் தொடவில்லை. பிறகு வேறொரு தீப்பெட்டியை என் கையில் கொடுத்து, "இது 108. நீ சத்தம் போடு அக்கா" என்றான். போட்டேன். லாரி மோதியது, குச்சிகள் விழுந்தன. சின்னக் குச்சியை மட்டும் எடுத்து என் தீப்பெட்டிக்குள் படுக்க வைத்து, "மெதுவா ஓட்டு" என்றான்.