குணசீலம் போகலாமா, டாக்டரிடம் போகலாமா?

திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில், காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கினால் புத்தி தெளியும் என்பது இந்தப் பக்கத்தின் பழைய நம்பிக்கை. அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கேயே இப்போது மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் தீயில் மாண்டார்களே, அதற்குப் பிறகு மருத்துவம் இல்லாத வழிபாட்டு இடத்தில் யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. சாமி கும்பிடுவது உங்கள் விருப்பம். பேச்சு சிகிச்சை உங்களுக்கு ஏற்றதா என்பதைத் தனியாக யோசியுங்கள்.

முதலில் நாட்களைக் கவனியுங்கள். சோர்வோ பதற்றமோ இரண்டு வாரத்தைத் தாண்டி, தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றையும் கெடுத்தால் உதவி தேட வேண்டும். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை: தைராய்டு குறைவும் ரத்தசோகையும் பி12 குறைபாடும் மனச்சோர்வு போலவே ஆளை முடக்கும்.

அடுத்தது முக்கியம். யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, வீட்டாரே விஷம் வைப்பதாகத் தோன்றுகிறது, நாள்கணக்கில் தூங்காமலே உற்சாகம் பொங்குகிறது என்றால் முதலில் மனநல மருத்துவர்தான். அங்கே பேச்சு மட்டும் போதாது. லேசான மனச்சோர்வு, திடீர் பீதி, ஆறாத துக்கம், நிறுத்த முடியாத கைகழுவல் இவற்றுக்குப் பேச்சு சிகிச்சை நன்றாகவே உதவும். தீவிரமானால் மாத்திரையும் சேரும். கணவரிடம் அடிவாங்கும் பெண்ணை 'கவுன்சலிங் போ, பொறுமை வரும்' என்று அனுப்புவது அநியாயம். அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, பெண்கள் உதவி எண் 181.

எங்கே போவது? திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டாலே பார்க்கலாம். தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் முதலில் தொடங்கியதே திருச்சியில்தான். தனியாரிடம் போனால் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் தும்மினால் உத்திர வீதிக்குத் தெரியும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. வெளியே வர இன்னும் கூச்சமா? மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பேச்சு சிகிச்சையில் ஓர் அமர்வு பெரும்பாலும் முக்கால் மணி நேரம். முதல் நாளே பாரம் இறங்காது. ஐந்தாறு முறை போன பிறகும் தூக்கமோ வேலையோ கொஞ்சமும் சீராகவில்லை என்றால் சிகிச்சை தருபவரிடமே சொல்லுங்கள். ஆளை மாற்றலாம், முறையை மாற்றலாம், மருந்து சேர்க்கலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்காதீர்கள். இன்றே 14416 அல்லது 104. பக்கத்தில் இருப்பவர்களே, அந்த எண்ணம் வந்தவரைத் தனியாக விடாதீர்கள்.