புதுக் கலப்பையில் பெயிண்டையும் பாருங்க

குழுக் கடனில் ஒன்பது கொத்துக் கலப்பை வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா? பளபளப்பில் மயங்காதீங்க. பாக்கிப் பணம் கொடுக்குமுன் குனிந்து அடிப்பக்கத்தையும் வெல்டிங் மூட்டுகளையும் பாருங்கள். வெல்டிங் கசடைச் சுரண்டாமல், துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்காமல் அடித்த பெயிண்ட் இரும்பைப் பிடிக்காது. செதில் செதிலாக உரியும். ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்க. பெயிண்டும் கூடவே வந்தால் வேறு உருப்படி கேளுங்கள்.

கொழு முனையில் பெயிண்ட் போனால் கவலை வேண்டாம். அது மண்ணில் தேயத்தானே இருக்கிறது! சட்டத்தில் போனால்தான் நஷ்டம், அதிலும் உர உப்பு பட்டால் துரு வேகமாக ஏறும். வாடகைக்குப் போய் வந்ததும் சேற்றைக் கழுவிக் காயவைத்து, கொழுவுக்கு எண்ணெய் தடவி, கூரைக்கு அடியில் வையுங்கள். உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே பெயிண்ட் அடிக்கணும்.