தந்தையின் நோயைத் தந்தைக்குச் சொல்லலாமா?

நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னவுடன் நம் இல்லங்கள் பலவற்றில் நடப்பது ஒன்றே. பரிசோதனை அறிக்கை நோயுற்ற தந்தையின் கைக்கு வாராமல் மூத்த மகனின் பைக்குள் சென்றுவிடுகிறது. “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், மனம் உடைந்துவிடுவார்” என்று மருத்துவமனை வாசலிலேயே முடிவு செய்துவிடுகின்றனர். பணியின் பொருட்டுத் தேனி, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளுக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்க்கு இதில் இன்னுமொரு சிரமம் உண்டு. கலந்து பேசத்தக்க பெரியோர் வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் இருப்பர். மகனும் மகளும் தனித்து நின்று முடிவெடுக்க வேண்டியுள்ளது. அவர்களை எண்ணியே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. நீங்காத இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு ஆகியவை காசநோய்க்கும் உரிய குறிகள். ஆதலால் நம் நாட்டில் சிலர்க்குக் காசநோய் மருந்திலேயே மாதங்கள் கழிந்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது. அம்மாதங்களை எண்ணிப் பிள்ளைகள் தம்மையே நொந்துகொள்ள வேண்டுவதில்லை. புகைப்பழக்கம் இந்நோய்க்குத் தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் பீடியைத் தொட்டறியாதவர்க்கும் இது வருகிறது. பல்லாண்டு விறகடுப்பின் புகையில் நின்ற தாய்மார்க்கும் வருகிறது. “விரதம் தவறாதவர்க்கு இது ஏன்? முன்வினைதான்” என்று பார்க்க வந்தோர் உரக்கப் பேசக் கேட்டிருக்கின்றோம். வினைக்கொள்கையை நாம் கற்றது பிறர் கட்டிலருகே நின்று அவர் கணக்கைப் பார்ப்பதற்கன்று.

எல்லா நுரையீரல் புற்றும் ஒன்றன்று. திசுப் பரிசோதனையால் வகை தெரிந்த பின், சிலர்க்கு மரபணுப் பரிசோதனையும் செய்வர். குறிப்பிட்ட சில மாற்றங்கள் காணப்படின், முற்றிய நிலையிலும் மாத்திரைகளால் நோயைக் கணிசமான காலம் அடக்கிவைக்க இயல்கிறது. ஆகவே மருத்துவரிடம் “எத்தனை நாள்?” என்று கேட்குமுன் “எந்த வகை?” என்று கேட்க வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து மதுரைக்கோ, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ செல்ல நேரிடலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பின் முதல் நாளே எடுத்துச் செல்க.

இனி, தலைப்பிற்கு வருவோம். மறைப்போர் ஒரு நூற்சான்றும் காட்டுவர். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், இல்லறத்தாரின் வாய்மை விரதத்தைக் கூறுமிடத்து, பிறர்க்குக் கேடு விளைக்கும் உண்மையையும் சொல்லலாகாது என்கிறது. நோயின் பெயரைச் சொல்வது அத்தகைய கேடுதானே என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் கேடு எதனால் விளைகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கம்பத்தில் நாம் அறிந்த ஒரு வீட்டில் தந்தையிடம் “நெஞ்சில் சளி” என்றே சொல்லி வந்தனர். அவர் படித்தவர். மருத்துவமனையில் தம்மை அமர்த்திய இடத்தின் பெயர்ப்பலகையைத் தாமே படித்துவிட்டார். பிள்ளைகள் வருந்துவரே என்று அவரும் வாய் திறக்கவில்லை. நான்கு மாதம் இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏமாற்றி வாழ்ந்தனர். மேல்சித்தாமூர் சென்று ஒருமுறை வணங்க வேண்டும் என்ற விருப்பத்தை அவர் வெளியிட்டபோது, அத்துணைத் தொலைவு அமர்ந்து செல்லும் வலிமை அவர்க்கு இல்லை. அவ்வீட்டில் கேடு விளைத்தது உண்மையன்று.

சல்லேகனையைப் பற்றிய பேச்சும் சில இல்லங்களில் எழும். தீர்க்கவியலாத நிலையில், தெளிந்த அறிவோடு ஒருவர் தாமே எண்ண வேண்டிய ஒன்று அது. தம் நோயின் பெயரே அறியாதவர் எதை எண்ணுவார்? சிகிச்சைக்கு இடமிருக்கையில் பிள்ளைகள் அதனை எடுத்துப் பேசுவதும் முறையன்று.

அப்படியாயின் எவ்வாறு சொல்வது? ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு படி முறையும் ஏறத்தாழ இதனையே கூறுகிறது. “அப்பா, டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன விளங்கியது?” என்று கேளுங்கள். பின், “எல்லாவற்றையும் நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, எங்களிடம் சொன்னால் போதுமா?” என்று கேளுங்கள். “நீயே பார்த்துக்கொள்ளம்மா” என்று அவர் கூறினால் அதுவும் அவர் உரிமையே. அடுத்த வாரம் மீண்டும் ஒருமுறை கேட்கலாம். கேட்டால் சொல்லுங்கள், கேட்ட அளவு சொல்லுங்கள். மாதக் கணக்கு மட்டும் வேண்டா. மருத்துவர் கூறுவது பலரைக் கொண்டு கண்ட அளவு. தனியொருவர்க்கு அது பொருந்துமென்பதில்லை.

இரவுண்ணாமையைக் கடைப்பிடிப்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்ல நம்மவர் ஏனோ கூசுகின்றனர். சில மாத்திரைகள் வெறும் வயிற்றிலும் சில உணவோடும் உண்ணத்தக்கவை. முதலிலேயே சொன்னால் வேளையை மாற்றியமைக்க இயலுமா என்று அவர் பார்ப்பார்.

வலிதணிப்பு மருத்துவம் என்றவுடன் “கைவிட்டுவிட்டார்கள்” என்று அழுவோர் உளர். பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுடைய 151 பேரைக் கொண்டு செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கம் முதலே இம்மருத்துவமும் சேர்த்துப் பெற்றோர் மனச்சோர்வு குறைந்து, மற்றவரைவிட இரண்டு மாதத்திற்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்பணி வீடு தேடியும் வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்ஃபின் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உரிய மருந்து. அஞ்சி ஒளித்துவைக்க வேண்டா.

மூச்சுத்திணறல் வரும்போது தந்தையைப் படுக்க வைக்காமல், முன்னால் ஒரு மேசையில் தலையணை இட்டு அதன்மீது கைகளை ஊன்றிச் சாய்ந்திருக்கச் செய்யுங்கள். சன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படுமாறு மெல்ல விசிறுங்கள். இது பலர்க்கு இதமளிக்கிறது. இப்பணியைப் பேரப்பிள்ளைகளிடமும் ஒப்படைக்கலாம்.